பிஎச்பி நிரலிலிருந்து மைஎஸ்கியூஎல் அட்டவணைகளை உருவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைத்தள நிரல்மொழியான பிஎச்பி 8, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8.0 ஆகியவற்றை மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, ஒரு சிறிய நூலகத்தின் உறுப்பினர், நூற்படி, இரவல் ஆகிய மூன்று அட்டவணைகள் பக்கம் முழுவதும் வரும். கட்டளைச் சொற்கள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும்.

அட்டவணையை உருவாக்குவது பிஎச்பியா, மைஎஸ்கியூஎல்லா?

மைஎஸ்கியூஎல்தான். பிஎச்பி ஒரு சரத்தை அனுப்புகிறது. அந்தச் சரத்தைப் படித்து, பிழை பார்த்து, அட்டவணையை வட்டில் அமைப்பது தரவுத்தளச் சேவையகத்தின் வேலை. இரண்டும் 1995ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, வலைத்தளங்களில் ஒன்றாகவே வளர்ந்தவை என்பதால், ஒன்றின் பொறுப்பு எங்கே முடிந்து மற்றதன் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது புதிதாகக் கற்பவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால் பிழை தேடுவது பாதியாகக் குறையும். அட்டவணையை உருவாக்கும் கிரியேட் டேபிள் கட்டளையை முதலில், உலாவியில் தரவுத்தளத்தைக் கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினிலோ கட்டளைச் சாளரத்திலோ நேரடியாக இட்டுப் பாருங்கள். அங்கே ஓடுகிற கட்டளை நிரலுக்குள் ஓடவில்லை என்றால், குறை இணைப்பிலோ மேற்கோள் குறிகளிலோ உரிமையிலோ இருக்கிறது. அங்கேயே ஓடவில்லை என்றால் பிஎச்பியைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பழைய பாடங்களில் மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்று இருக்கிறது. என் கணினியில் அது ஓடவில்லையே?

தரவுத்தளத்தோடு இணைக்கும் அந்தச் செயற்கூறுத் தொகுதி 2013இல் வந்த பிஎச்பி 5.5இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. அந்த வேலைக்கு இப்போது இருப்பவை மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ ஆகிய இரண்டே. நான் பிடிஓவையே பரிந்துரைக்கிறேன். நாளை வேறு தரவுத்தளத்துக்கு மாற நேர்ந்தாலும் இணைப்பு எழுதும் முறை மாறாது. பிழைகளை விதிவிலக்குகளாக (நிரலின் ஓட்டத்தை இடைமறித்து எழும் பிழை அறிவிப்புகளாக) பிடிக்கும் முறையும் அதில் சீராக இருக்கிறது.

இணைப்புச் சரத்தில் சேவையகத்தின் பெயர், தரவுத்தளத்தின் பெயர் ஆகியவற்றோடு சார்செட் (எழுத்துத் தொகுதி) மதிப்பாக யூடிஎஃப்8எம்பி4 என்பதையும் தவறாமல் எழுதுங்கள். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தனித்தனி அளபுருக்களாகப் போகும். அவற்றை வலைப் பக்கங்கள் இருக்கும் பொதுக் கோப்புறைக்கு வெளியே ஓர் அமைவுக் கோப்பில் வைப்பது அடிப்படை ஒழுங்கு.

கட்டளை ஓடிவிட்டது, அட்டவணையும் வந்துவிட்டது. ஆனாலும் என் நிரல் ‘தோல்வி’ என்று காட்டுகிறதே?

பிடிஓவின் எக்ஸெக் செயற்கூறு, கட்டளையால் மாற்றம் பெற்ற பதிவுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. அட்டவணையை உருவாக்கும்போது எந்தப் பதிவும் மாறுவதில்லை. ஆகவே விடை 0. அந்த விடையை ‘இஃப்’ நிபந்தனைக்குள் நேரே வைத்தால், பிஎச்பி 0 என்பதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு தோல்விக் கிளைக்குப் போய்விடும். திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்காமல், ட்ரை, கேட்ச் அமைப்புக்குள் கட்டளையை வைத்து, விதிவிலக்கு எழுந்தால் மட்டுமே தோல்வி என்று கொள்ளுங்கள். பிஎச்பி 8.0 முதல் பிடிஓவும், 8.1 முதல் மைஎஸ்கியூஎல்ஐயும் இயல்பாகவே விதிவிலக்கு எழுப்புகின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளில் பிழை முறையை நீங்களே அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை ஓசையின்றிக் கடந்துபோகும்.

ஒரே எக்ஸெக் அழைப்பில் பல கட்டளைகளை அரைப்புள்ளியிட்டு அடுக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது கட்டளையில் நேரும் பிழை உங்கள் பார்வைக்கு வராமலே போகக்கூடும்.

பெயர்ப் புலத்துக்கு (பெயருக்கான நெடுவரிசைக்கு) எத்தனை எழுத்து ஒதுக்குவது? தமிழுக்கு இது மாறுமா?

மாறும். தமிழில் தரவு வைப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. நீளம் மாறும் உரைக்கான வார்சார் வகையில் 50 என்று எழுதினால், மைஎஸ்கியூஎல் 50 யுனிகோட் குறிகளுக்கு இடம் தருகிறது. நாம் கண்ணால் எண்ணும் 50 எழுத்துகளுக்கு அல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால், அச்சொல் வட்டில் 15 பைட் இடம் பிடிக்கிறது. ‘ஸ்ரீ’ என்னும் ஓரெழுத்து வடிவம்கூட நான்கு குறிகளால் ஆனது.

ஆகவே ஆங்கிலப் பெயருக்கு 50 போதும் என்று எழுதப்பட்ட பாடத்தை அப்படியே எடுத்தாண்டால், தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதப்படும் நீளமான தமிழ்ப் பெயர்கள் அதில் அடங்கா. அப்போது மைஎஸ்கியூஎல் கண்டிப்பு முறையில் இருந்தால் பதிவை ஏற்க மறுக்கும்; அந்த முறை அணைக்கப்பட்டிருந்தால் வாலை வெட்டிவிட்டுச் சேமிக்கும். வெட்டப்பட்ட பெயரின் கடைசிப் புள்ளி போய்விட்டால், ‘முருகன்’ என்பவர் அட்டவணையில் ‘முருகன’ ஆகிவிடுவார். நூலக எடுத்துக்காட்டில் உறுப்பினர் பெயருக்கு 150, நூற்பெயருக்கு 400 என்று வைத்திருக்கிறேன். வார்சார் வகை உண்மையில் உள்ள அளவுக்கே இடம் எடுப்பதால், சற்றுத் தாராளமாக வைப்பதில் இழப்பு பெரிதில்லை.

இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் வேறு. பிஎச்பியின் இன்டிஎல் நீட்சியில் உள்ள நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ‘கொடைக்கானல்’ என்று தேடுபவருக்குப் பாதிப் பதிவுகள் மட்டும் கிடைக்கும் நிலை வராது.

யூடிஎஃப்8 போதாதா? எம்பி4 எதற்கு?

மைஎஸ்கியூஎல் நெடுங்காலமாக யூடிஎஃப்8 என்ற பெயரில் தந்துவந்தது, ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தராத குறைபட்ட வடிவம். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் அதில் அடங்கிவிடும் என்பதால் குறை நம் கண்ணில் படுவதில்லை. வாசகர் ஒருவர் கருத்தில் ஓர் இமோஜியைச் சேர்க்கும் நாளில் அது வெளிப்படும். முக்காணி, அரைக்காணி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறியீடுகளும் அதில் சேரா. 2019இல் யுனிகோட் 12.0 வழியாக இடம்பெற்ற அவை 4 பைட் பகுதியில் உள்ளன. பழைய கணக்கேடுகளையும் நில ஆவணங்களையும் எண்ணிம வடிவில் தொகுப்பவர்களுக்கு இது உண்மையான தேவை.

2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில் யூடிஎஃப்8எம்பி4 இயல்பான தெரிவானது. அதற்கு முன் இயல்பாக இருந்தது லத்தீன்1. பழைய சேவையகத்தில் எதையும் குறிப்பிடாமல் அட்டவணை உருவாக்கியவர்களின் தமிழ் வரிகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறியதற்குக் காரணம் இதுதான். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்ட எழுத்தை மீட்க வழியே கிடையாது. ஆகையால் சேவையகத்தின் இயல்பான அமைப்பை நம்பியிராமல், ஒவ்வொரு கிரியேட் டேபிள் கட்டளையின் முடிவிலும் எழுத்துத் தொகுதியை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அதனுடன் சேர்ந்து வருவது கொலேஷன் எனப்படும் வரிசைமுறை. பெயர் ‘பின்’ (பைனரி என்பதன் சுருக்கம்) என்று முடியும் முறை, யுனிகோட் எண்ணின்படியே அடுக்கும். யுனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும் பகரத்துக்கு முன்னும் இருப்பதால், அம்முறையில் ‘கனகா’ முதலிலும் ‘கபிலன்’ பின்னும் வருவார்கள். நம் அகராதி வரிசையில் னகரம் மெய்களின் கடைசி. கபிலனே முதலில் வர வேண்டும். இந்த இரு பெயர்களையும் இட்டு வரிசைப்படுத்திப் பார்த்த பிறகே வரிசைமுறையை முடிவுசெய்யுங்கள்.

எண், பணம், தொலைபேசி, தேதி ஆகியவற்றுக்கு எந்த வகை?

பணத்துக்கு டெசிமல். ஃப்ளோட் வகை தோராயமாகவே சேமிப்பதால், தண்டத்தொகையைக் கூட்டும்போது பைசாக் கணக்கு பிசகும். தொலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் கூட்டிக் கழிக்கும் எண்கள் அல்ல. அவற்றை வார்சார் வகையில் வைத்தால்தான் முன்னிருக்கும் 0வும் கூட்டல் குறியும் நிலைக்கும். பிறந்த நாள் போன்றவற்றுக்கு டேட். நிகழ்ந்த நேரத்துக்கு டைம்ஸ்டாம்ப் வைத்தால், அதன் எல்லை 2038 ஜனவரி 19 என்பதை நினைவில் கொள்ளுங்கள். நெடுங்கால ஆவணங்களுக்கு டேட்டைம் பொருத்தமானது. முழு எண்ணுக்கான இன்ட் வகையில், இன்ட் 11 என்று பழைய பாடங்களில் வரும் 11 என்பது அளவு வரம்பு அன்று, காட்சி அகலம் மட்டுமே, மைஎஸ்கியூஎல் 8.0.17 முதல் அதுவும் கைவிடத்தக்கதாகிவிட்டது.

‘இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ சேர்த்து, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிரியேட் டேபிள் ஓடுமாறு வைக்கலாமா?

வைக்கலாம், ஓடும்; ஆனால் வைக்கக் கூடாது. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும், நான் விட்டுக்கொடுக்காத பதிலும் இதுதான்.

முதற் காரணம், அந்தத் தொடர் தருவதாக நீங்கள் நினைக்கும் பாதுகாப்பை அது தருவதில்லை. ‘இல்லையென்றால் உருவாக்கு’ என்பது அட்டவணையின் பெயரை மட்டுமே பார்க்கிறது. உறுப்பினர் அட்டவணை சென்ற ஆண்டே நான்கு புலங்களோடு உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்று நீங்கள் கட்டளையில் மின்னஞ்சல் என ஐந்தாவது புலத்தைச் சேர்க்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் அந்தப் பெயரில் அட்டவணை இருப்பதைக் கண்டு, ஒரு குறிப்பை மட்டும் எழுப்பிவிட்டு எதையும் செய்யாமல் திரும்பிவிடும். நிரல் வெற்றி என்றே கருதும். அடுத்த வரியில் மின்னஞ்சலைச் சேமிக்க முயலும்போதுதான் ‘அப்படியொரு புலம் இல்லை’ என்ற பிழை எழும். உங்கள் கணினியில் அட்டவணை புதிதாக உருவானதால் எல்லாம் சரியாக ஓடியிருக்கும்; மக்கள் பயன்படுத்தும் சேவையகத்தில் மட்டும் தளம் விழும்.

இரண்டாவது காரணம் உரிமை. பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு அட்டவணை உருவாக்கும் உரிமை வேண்டுமானால், அந்தத் தரவுத்தளப் பயனருக்குக் கிரியேட் உரிமையைக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலோர் அதோடு ஆல்டர், ட்ராப் உரிமைகளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் எங்கேனும் ஒரு எஸ்கியூஎல் ஊடுருவல் ஓட்டை (பயனர் இடும் உரை கட்டளையாகவே ஓடிவிடும் குறை) இருந்துவிட்டால், தாக்குபவர் கையிலும் அதே உரிமைகள் போய்ச் சேரும்.

அட்டவணையை உருவாக்குவது நிறுவும் வேலை. பக்கத்தைக் காட்டுவது அன்றாட வேலை. உருவாக்கும் கட்டளைகளைத் தனி பிஎச்பி கோப்பில் வைத்து, உலாவியிலிருந்து அல்லாமல் கட்டளைச் சாளரத்திலிருந்து, புதிய பதிப்பை ஏற்றும்போது மட்டும் ஓட்டுங்கள். அதற்கென ஒரு தரவுத்தளப் பயனர். அன்றாடப் பக்கங்களுக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் மட்டும் உள்ள வேறொரு பயனர். வேர்ட்பிரஸ் செருகுநிரல் எழுதுபவர்கள் உருவாக்கும் வேலையைச் செருகுநிரல் இயக்கப்படும் தருணத்துடன் இணைப்பதும் இந்த நோக்கில்தான். அங்கே அட்டவணையை உருவாக்கப் பயன்படும் டிபிடெல்டா செயற்கூறு, பிரைமரி கீ (முதன்மைச் சாவி) என்பதற்கும் அடைப்புக்குறிக்கும் இடையே இரண்டு இடைவெளி விடச் சொல்லும் அளவுக்கு எழுத்தமைப்பில் கறாரானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

1142, 1044, 1064 என்றெல்லாம் பிழை எண்கள் வருகின்றனவே?

1142 என்றால் அக்கட்டளைக்கு உங்கள் பயனருக்கு உரிமை இல்லை. 1044 என்றால் அந்தத் தரவுத்தளத்தையே அணுக உரிமை இல்லை; பகிர்வுச் சேவையகங்களில் தரவுத்தளப் பெயருக்கு முன்னால் கணக்கின் பெயர் ஒட்டிக்கொள்வதை மறந்தால் பெரும்பாலும் இதுவே வரும். 1064 எழுத்திலக்கணப் பிழை. செய்தியில் மேற்கோள் காட்டப்படும் பகுதிக்குச் சற்று முன்னால் பாருங்கள், பிழை அங்கேதான் இருக்கும். கடைசிப் புலத்துக்குப் பின் தேவையின்றி நின்றுவிட்ட காற்புள்ளி இதற்கு வழக்கமான காரணம். 1050 என்றால் அப்பெயரில் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு அட்டவணைகளை எப்படி இணைப்பது? அயற்சாவி போட்டால் பிழை வருகிறது.

அயற்சாவி என்பது ஓர் அட்டவணையின் புலம் வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டுவது. இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண், நூற்படி எண், கொடுத்த நாள், திருப்ப வேண்டிய நாள், திரும்பிய நாள் ஆகியவை இருக்கும். உறுப்பினரின் பெயரோ முகவரியோ அதில் இடம்பெறாது. எண் மட்டுமே இருக்கும். 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியின் பயனை இங்கேயே காணலாம்: ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருந்தால், உறுப்பினர் வீடு மாறும்போது ஒரே ஒரு பதிவைத் திருத்தினால் போதும்.

அயற்சாவி அமையாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றே இருக்கும். தாய் அட்டவணை இன்னும் உருவாகாமல் இருக்கலாம். உறுப்பினரும் நூற்படியும் முதலில், இரவல் கடைசியில் என்ற வரிசை கட்டாயம். இரு புலங்களின் வகையும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒருபுறம் அன்சைன்ட் இன்ட் (குறை எண்களை ஏற்காத இன்ட்), மறுபுறம் வெறும் இன்ட் என்றால் மைஎஸ்கியூஎல் ஏற்காது. பிஎச்பி சட்டகமான லாரவெல் இயல்பாக அமைக்கும் முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் புலம்) அன்சைன்ட் பிக்இன்ட். கையால் எழுதிய பழைய அட்டவணை இன்ட் வகையில் இருந்தால், இரண்டையும் இணைக்கும்போது இதே சிக்கல்தான். மூன்றாவது, அட்டவணை மைஐசாம் என்னும் பழைய சேமிப்பு இயந்திரத்தில் இருக்கலாம்; அது அயற்சாவியை எழுத விட்டுவிட்டுச் செயல்படுத்தாமல் இருந்துவிடும் என்பதால் மூன்றிலும் இதுவே ஆபத்தானது. மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பு முதல் இன்னோடிபி இயல்பான தெரிவு என்றாலும், இயந்திரத்தின் பெயரையும் கட்டளையில் எழுதிவிடுவதே நல்லது.

உறுப்பினரை நீக்கும்போது என்ன ஆக வேண்டும் என்பதையும் அப்போதே முடிவுசெய்ய வேண்டும். கேஸ்கேட் என்று எழுதினால் அவர் எடுத்த நூல்களின் வரலாறு முழுவதும், இன்னும் திரும்பாத நூலின் பதிவு உட்பட, அவரோடு சேர்ந்து அழிந்துவிடும். நூலகத்துக்கு, நீக்கலையே மறுக்கும் ரெஸ்ட்ரிக்ட்தான் சரி.

ஒரே நூற்படி ஒரே நேரத்தில் இருவருக்கு இரவலாகப் பதிவாவதை அட்டவணையே தடுக்குமா?

தடுக்கும், சற்று வேலை இருக்கிறது. நூல் திரும்பும் வரை ‘திரும்பிய நாள்’ ‘நல்’ (மதிப்பு எதுவும் இல்லை) என்று இருக்கும். நூற்படி எண்ணையும் திரும்பிய நாளையும் சேர்த்து, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யுனீக் சாவி அமைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு நல் மதிப்புகளை மைஎஸ்கியூஎல் சமமாகக் கருதுவதில்லை. எனவே அந்தச் சாவி எத்தனை திரும்பாத பதிவுகளையும் விட்டுவிடும்.

வழி இதுதான்: ‘வெளியிலுள்ள படி’ என்று கணக்கிடப்படும் புலம் ஒன்றைச் சேருங்கள். திரும்பிய நாள் நல் ஆக இருந்தால் அதன் மதிப்பு நூற்படி எண், இல்லையென்றால் நல். அந்தப் புலத்தின்மேல் யுனீக் சாவி வையுங்கள். நூல் திரும்பிய பதிவுகளில் அது நல் ஆகிவிடுவதால் மோதல் இல்லை. திரும்பாத பதிவு ஒரு படிக்கு ஒன்றே இருக்க முடியும். இரு நூலகர்கள் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினாலும் இரண்டாவது பதிவு மறுக்கப்படும். ‘முதலில் தேடிப் பார், இல்லையென்றால் சேர்’ என்று பிஎச்பியில் மட்டும் எழுதும் சோதனையால் இந்த உறுதியைத் தர முடியாது.

மூன்று அட்டவணைகளையும் ஒரு பரிவர்த்தனைக்குள் உருவாக்கி, பிழை வந்தால் ரோல்பேக் செய்யலாமா?

மைஎஸ்கியூஎல்லில் முடியாது. பரிவர்த்தனை என்பது ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்பு; கமிட் அதை உறுதியாக்கும், ரோல்பேக் அதைக் கைவிடும். கிரியேட் டேபிள் கட்டளை ஓடிய கணமே, திறந்திருக்கும் பரிவர்த்தனை தானாகக் கமிட் ஆகிவிடுகிறது. பிஎச்பி 8இல் அதன் பிறகு நீங்கள் கமிட் அழைத்தால், நடப்பில் பரிவர்த்தனை எதுவும் இல்லை என்ற விதிவிலக்கு எழும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் வேறொரு தரவுத்தளத்தில் இது இயலும். மைஎஸ்கியூஎல்லில் ஒரு கோப்பில் ஒரு மாற்றம் என்று பிரித்து, எது முடிந்தது என்று குறித்துக்கொண்டே போவதுதான் நடைமுறை.

அட்டவணையின் பெயரைப் படிவத்திலிருந்து வாங்கி உருவாக்கலாமா?

பிரிப்பேர் செய்யப்பட்ட (மதிப்புகளுக்கு இடம் விட்டு முன்பே தயாரிக்கப்பட்ட) கட்டளையில் மதிப்புகளை மட்டுமே பிறகு இணைக்க முடியும். அட்டவணைப் பெயரை இணைக்க முடியாது. சரத்தை ஒட்டி எழுதுவது ஊடுருவலுக்குக் கதவைத் திறந்துவிடும். தவிர்க்கவே முடியாத இடத்தில், முன்பே எழுதிவைத்த அனுமதிப் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் தனி அட்டவணை என்று தோன்றினால், அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். பயனர் எண்ணும் மாதமும் புலங்களாக வர வேண்டியவை.

அட்டவணைக்கும் புலத்துக்கும் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். மைஎஸ்கியூஎல் 64 குறிகள் வரை தமிழ்ப் பெயரை மேற்கோள் இல்லாமலேயே ஏற்கிறது; பிஎச்பி மாறிகளும் தமிழில் இருக்கலாம். கற்பிக்கும் இடங்களில் இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆங்கிலப் பெயர் வைப்பவர்கள் ஆர்டர், குரூப் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களைத் தவிர்க்க வேண்டும், மைஎஸ்கியூஎல் 8.0இல் ரேங்க் என்பதும் அப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. விண்டோஸ் கணினியில் அட்டவணைப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படுவதில்லை, லினக்ஸ் சேவையகத்தில் பார்க்கப்படும் என்பதால், ஆங்கிலப் பெயர்களை முழுவதும் சிறிய எழுத்தில் வைத்துவிடுங்கள். தமிழ்ப் பெயரில் அந்தத் தொல்லையே கிடையாது.

உருவாக்கிய பிறகு புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?

பழைய கிரியேட் டேபிள் கோப்பைத் திருத்தாதீர்கள். அடுத்த எண்ணிட்ட புதிய கோப்பில் ஆல்டர் டேபிள் கட்டளையை எழுதுங்கள். எந்தெந்தக் கோப்பு ஓடிமுடிந்தது என்பதை ஒரு சிறிய அட்டவணையில் பதிந்துவைத்து, ஓடாதவற்றை மட்டும் வரிசையாக ஓட்டும் நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். லாரவெல்லின் மைக்ரேஷனும், ஃபின்க்ஸ், டாக்ட்ரின் ஆகியவற்றின் கருவிகளும் இதையே விரிவாகச் செய்கின்றன. மக்கள் பயன்படுத்தும் சேவையகத்தில் ஓட்டும் முன் மைஎஸ்கியூஎல்டம்ப் கொண்டு நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

அட்டவணை நான் எண்ணியபடியே உருவாகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஷோ கிரியேட் டேபிள் கட்டளையை ஓட்டுங்கள். நீங்கள் அனுப்பியதை அல்ல, மைஎஸ்கியூஎல் உண்மையில் அமைத்ததை அது எழுத்துக்கு எழுத்து காட்டும். இயந்திரம் இன்னோடிபிதானா, சார்செட் எம்பி4தானா, அயற்சாவிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு நீண்ட தமிழ்ப் பெயரையும், ஓர் இமோஜியையும், இல்லாத உறுப்பினர் எண் கொண்ட ஓர் இரவலையும் சேர்க்க முயலுங்கள். முதல் இரண்டும் எழுத்துக் குறையாமல் திரும்ப வர வேண்டும். மூன்றாவது மறுக்கப்பட வேண்டும்.